வெண்ணெய் வாசனை குறித்த விசாரணை

மனித குலத்தின் முதல் பெரிய சாதனை நெருப்பைக் கண்டுபிடித்தது. இரண்டாவது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. மூன்றாவது சாதனை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நிகழ்ந்தது. நாங்கள் காலை உணவை ஒழித்தோம்.

இவ்வளவு பெரிய நிகழ்ச்சியைக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நானே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. வேறு யாரும் முன்வரவில்லை. எழுதத் தெம்பில்லை என்கிறார்கள்.

இந்தப் புரட்சியின் தந்தை, மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்த வாழ்வியல் பயிற்சியாளர். அதற்கு முன்பு அவர் மெத்தை விற்றுக்கொண்டிருந்தார். அப்போதும் மனித குலத்தின் நலம்தான் அவருடைய நோக்கம். வந்த வாரமே எங்களை மொட்டைமாடியில் கூட்டிவைத்து, காலையில் சாப்பிடுவது 'முன்னோர்கள் செய்த கைப்பிழை' என்று விளக்கினார். சிங்கம் காலையில் சாப்பிடுகிறதா என்று கேட்டார். சிங்கத்துக்கு ஆபீஸ் இல்லையே என்று என் மனைவி முணுமுணுத்தது கூட்டத்தின் கண்ணியம் கருதிப் பதிவு செய்யப்படவில்லை.

சங்கத் தலைவர் கடைவீதியில் நாற்காலி, மேசை விற்பவர். அவர் உடனே எழுந்து ஆதரித்தார். நண்பகல் வரை வெந்நீரும் எலுமிச்சையும் மட்டுமே என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மறுநாளிலிருந்து எங்கள் படிக்கட்டில் அப்படியொரு அமைதி. தட்டுச் சத்தம் இல்லை, கரண்டிச் சத்தம் இல்லை, குழந்தைகள்கூட அழுவதற்கு முன்பு ஒரு தடவை யோசித்தார்கள். லிப்டில் எதிர்ப்பட்டவரிடம் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்கும் அநாகரிகம் தடைசெய்யப்பட்டது. அதற்குப் பதிலாக 'லேசா இருக்கீங்களா?' என்று கேட்க வேண்டும். 'ரொம்ப லேசு' என்று சொல்லிவிட்டு இருவரும் லிப்டின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள்.

என் வீட்டில் நான், என் மனைவி, என் அக்கா. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில், வருகிறவர்களின் முகத்துக்கு எந்த பிரேம் பொருந்தும் என்று பார்த்து எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. அப்பா அம்மா போன பிறகு என்னை ஆளாக்கியதே அவள்தான். இதை நான் எல்லாக் கூட்டங்களிலும் சொல்வதுண்டு. காலை உணவு ரத்து என்று வீட்டில் அறிவித்தபோது அவள் "சரிடா" என்றாள். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான். நான் கஞ்சி குடித்த காலத்தில் வீடே கஞ்சி குடித்தது. எனக்கு அவித்த முட்டை பிடித்த காலத்தில் வீடே முட்டை அவித்தது. இப்போது நான் வெறும் வயிறு என்றால் வீடே வெறும் வயிறு. குடும்ப ஒற்றுமை என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

எந்தப் பொற்காலத்திலும் ஒரு துரோகி இருப்பான் அல்லவா? எங்கள் துரோகி தரைத்தளத்தில் இருந்தார். அந்த வீடு சங்கத்துக்குச் சொந்தம். அதில் வாடகைக்கு இருந்தவர், இரவு முழுக்க மலைப்பாதையில் பஸ் ஓட்டும் ஒரு டிரைவர். தனிக்கட்டை. விடிகிற நேரத்துக்கு வந்து, குளித்து, சமைப்பார்.

உருளைக்கிழங்கைத் தோலோடு வட்டவட்டமாக வெட்டி, வெங்காயத்தோடு வெண்ணெயில் போட்டு, ஒரு பக்கம் நன்றாகச் சிவக்கும்வரை கிளறாமல் பொறுமையாக விட்டுவிடுவார். அதன்மேல் முட்டைகளை உடைத்து ஊற்றுவார். பக்கத்தில் கட்டை விரல் தடிமனுக்கு வெட்டிய ரொட்டி. பெரிய கோப்பையில் ஏடு மிதக்கும் காபி. இந்த நவீன காலத்தில் ஒரு மனிதன் இப்படியா சாப்பிடுவான்? எனக்கு இவ்வளவு விவரம் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. வாசனை லிப்டுக்காகக் காத்திருப்பதில்லை. அது படிக்கட்டு வழியாக நேரே ஏறி வந்துவிடும்.

சேதங்கள் தொடங்கின. பொருளாளரின் மனைவி குப்பை போடப் போனவள் தரைத்தளத்திலேயே நின்றுவிட்டாள். தலைவர் ஒரு நாள் டிரைவரின் கதவருகே கண்ணை மூடிக்கொண்டு நின்றதாக வாட்ச்மேன் சொன்னார். சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்ததாகத் தலைவர் விளக்கம் அளித்தார். கண்ணை மூடிக்கொண்டா என்று கேட்டதற்கு, ஈரம் என்பது உணர வேண்டிய விஷயம் என்றார். விளக்கம் ஏற்கப்பட்டது.

அவசரக் கூட்டம் கூடியது. பயிற்சியாளர் மிகவும் கலங்கியிருந்தார்.

"வாசனை பிடிக்கிறதே பாதிச் சாப்பாடு சார். மூக்கு வழியா நம்ம விரதம் உடையுது."

"அப்ப ரெண்டு தடவை மோந்தா?" என்று தலைவர் மெல்லக் கேட்டார்.

பயிற்சியாளர் சிறிது யோசித்து, முழுச் சாப்பாடுதான் என்றார். தலைவரின் முகம் வெளிறியது. அவர் அன்றைக்கு எத்தனை சாப்பாடு சாப்பிட்டிருந்தாரோ.

டிரைவரை எச்சரிப்பது, திருந்தாவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்வது என்று முடிவாயிற்று. ஆனால் காலி செய்யச் சொல்ல நேரடிச் சாட்சி வேண்டும். ஒருவர் தினமும் அந்த வீட்டுக்குள் போய்க் குற்றத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். நிர்வாகக் குழுவில் ஒருவரும் அசையவில்லை. போனால் திரும்பி வருவோமா என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. என் அக்காவுக்கோ கடை திறப்பது பத்து மணிக்குமேல்; மனவுறுதியும் உண்டு. நானே அவள் பெயரை முன்மொழிந்தேன். அவள் வழக்கம்போல் "சரிடா" என்றாள்.

முதல் நாள் அறிக்கையை வாய்மொழியாக எனக்குக் கொடுத்தாள். உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை, எல்லாம் வெண்ணெயில். விதியை எடுத்துச் சொன்னாயா என்று கேட்டேன்.

"சொன்னேன்டா. பொறுமையா கேட்டுக்கிட்டார். நல்ல மனுஷன்."

கடைசி வாக்கியம் விசாரணைக்குத் தொடர்பில்லாதது என்று நீக்கிவிட்டேன்.

நாள் ஆக ஆக அவளுடைய அறிக்கைகள் நீண்டன. குற்றவாளி மஞ்சள் கருவைக் கெட்டியாகும்வரை வேகவிடுகிறார் என்றும், அது தப்பு என்று தான் எடுத்துச் சொன்னதாகவும் ஒரு நாள் தெரிவித்தாள்.

"அவர்கிட்ட நீ எதுக்கு வாதம் பண்றே?"

"வாதம் பண்ணாத்தானேடா உண்மை வெளிய வரும்."

அவளுக்குள் இப்படியொரு துப்பறியும் திறமை ஒளிந்திருந்தது எனக்கு இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்று. அடுத்த வாரமே மஞ்சள் கரு இளகலாக வர ஆரம்பித்துவிட்டதாக அறிவித்தாள். விசாரணையின் அழுத்தம் தாங்காமல் குற்றவாளி தளர்ந்துவருகிறார் என்று தலைவருக்கு நான் தகவல் அனுப்பினேன்.

இதற்கிடையில் இன்னொரு அதிசயம். எங்கள் எல்லோருக்கும் கண் குழிவிழுந்துகொண்டிருந்தபோது, அக்காவுக்கு மட்டும் கன்னம் நிறைந்தது. முகத்தில் ஒரு பளபளப்பு. படியிறங்கும்போது ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனாள். அக்காவின் துணியெல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். எனக்கோ பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. பயிற்சியாளரைக் கேட்டேன். சில உன்னதமான உடம்புகளில் பட்டினி உள்ளேயே தங்கி வேலை செய்யும் என்று அவர் மெய்சிலிர்த்துப்போய்ச் சொன்னார். இதை அப்படியே வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னங்க, உங்களுக்கு நெஜமாவே தெரியலையா?"

"என்ன தெரியணும்?"

"ஒண்ணுமில்ல. வெந்நீர் ஆறுது, குடிங்க."

பொதுக்குழு மொட்டைமாடியில் கூடியது. இரண்டே இரண்டு விஷயங்கள். ஒன்று, என் அக்காவை 'முன்மாதிரி விரதி' என்று பாராட்டிப் பரிசளிப்பது. இரண்டு, அவளுடைய சாட்சியத்தின் பேரில் டிரைவரை மாதக் கடைசிக்குள் வெளியேற்றுவது. டிரைவர் கடைசி வரிசையில், துவைத்து மடித்த காக்கிச் சட்டையோடு, முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டை விட்டால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அந்த வாடகைக்கு அவருக்கு வேறு வீடு கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். கொள்கை என்று வந்துவிட்டால் இதையெல்லாம் பார்க்க முடியாது.

பயிற்சியாளர் அக்காவை முன்னால் நிறுத்தி, "இந்தக் கன்னத்தைப் பாருங்க" என்று தொடங்கினார். அந்தக் கன்னத்தில் மனித குலத்தின் எதிர்காலமே தெரிகிறது என்று முடித்தார். எலுமிச்சை பிழியும் கருவி ஒன்று பரிசாக வழங்கப்பட்டது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு வெளியேற்றும் தீர்மானத்தைப் படித்துவிட்டு, சாட்சி ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று ஒப்புக்குக் கேட்டேன்.

அக்கா பரிசை நாற்காலியில் வைத்தாள்.

"இந்தக் கன்னம் பட்டினியில வரல. கீழ்வீட்டு உருளைக்கிழங்குல வந்தது."

வாசனை மட்டும்தானே பிடித்தீர்கள் என்று பயிற்சியாளர் கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"தட்டு நிறைய சாப்பிட்டேன். தினமும்" என்றாள் அக்கா. "முதல் நாள் நான் விதியைச் சொல்லிட்டிருக்கும்போதே அவர் இன்னொரு தட்டு வெச்சார். உங்களுக்குக் கிழங்கு மெத்துன்னு வேணுமா, முறுகலா வேணுமான்னு கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியல. தெரிஞ்சுக்கவே ஒரு வாரம் ஆச்சு. முறுகலாத்தான் பிடிக்குது."

இது பொதுக்குழு, வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று நான் குறுக்கிட்டேன்.

"வீட்டுல காலைல பேசறதுக்கு ஆள் எங்கடா இருக்கு? ஆளுக்கொரு மூலையில சுருண்டு கிடக்கீங்க." பிறகு தலைவர் பக்கம் திரும்பினாள். "நோட்டீஸ் அனுப்பறதா இருந்தா ரெண்டு பேர் பேருக்கும் சேர்த்து அனுப்புங்க. அவர் எங்க போறாரோ அங்க நானும் போறேன்."

இருட்டில் கொண்டை ஊசி வளைவுகளைக் கண் சிமிட்டாமல் கடக்கும் அந்த மனிதர், எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அவருக்கு இதில் சம்மதமா என்று தலைவர் முறைப்படி கேட்டார்.

"அவங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். மஞ்சள் கரு விஷயத்துலயும் அவங்க சொன்னதுதான் சரி."

தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. முதலில் உயர்ந்த கை என்னுடையது. சொந்த அக்கா என்று பார்த்துக் கொள்கையை விட்டுக்கொடுப்பவன் அல்ல நான். அடுத்தது பயிற்சியாளரின் கை. தலைவரின் கை பாதிவரை வந்து காதைச் சொறிந்துவிட்டு இறங்கியது. வேறு கைகளே இல்லை. என் மனைவி தன் கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'தொடர் விரதத்தின் காரணமாக உறுப்பினர்களுக்குக் கை தூக்கத் தெம்பில்லாததால் தீர்மானம் நிறைவேறவில்லை' என்று நான் முறைப்படி பதிவு செய்தேன்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்து என் மனைவி போட்டாள். மறுநாள் காலை எங்களைத் தரைத்தளத்துக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நானும் போனேன், பார்வையாளர் என்ற முறையில்.

டிரைவர் புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுப்பருகே நின்றார். அக்காவை உட்கார வைத்திருந்தார். அவள் உட்கார்ந்திருக்க இன்னொருவர் அவளுக்குச் சமைப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். அதுவரை என்னை 'செக்ரட்டரி சார்' என்றே அழைத்துவந்தவர் வெட்கத்தோடு முறையை மாற்றிக்கொண்டார்.

"மச்சான், முறுகல் விஷயம் நாங்களா கண்டுபிடிச்சோம். மத்ததெல்லாம் நீங்கதான் எனக்குச் சொல்லணும். சின்ன வயசுலேருந்து கூடவே இருக்கீங்க. உங்க அக்காவுக்கு என்னென்ன பிடிக்கும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். அவளுக்குமே அதைத் தெரிந்துகொள்ள ஆசை இருந்தது போலத் தோன்றியது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். நாலு பேர் முன்னால் அவளைப் பெருமைப்படுத்த இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா?

"எங்க அக்காவுக்கு இது பிடிக்கும், அது பிடிக்கும்னு ஒண்ணுமே கிடையாதுங்க. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட அவ தனக்குன்னு எதுவும் கேட்டதில்ல. அவ்வளவு தங்கமானவ."

டிரைவர் அடுப்பைச் சின்னதாக்கினார். என் மனைவி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அக்காதான் முதலில் அசைந்தாள். தன் தட்டிலிருந்த முறுகலான துண்டுகளை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

நான் அதைப் பாராட்டாகத்தான் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை.