போங்க, போங்க என்ற கம்ப்யூட்டர்

தென்காசி வட்டாரத்தில் கம்ப்யூட்டரைப் பேச வைத்து, அதனிடமே மாட்டிக்கொண்ட முதல் மனிதர் சவுண்டு கார்டு அண்ணாச்சிதான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அவருடைய கம்ப்யூட்டர் சென்டரில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த ஒரே பாஷை 'பீப்'. உயிர் வந்தாலும் பீப், தப்புச் செய்தாலும் பீப். அண்ணாச்சிக்கு அது மானக்கேடாக இருந்தது. சென்னைக்குப் போய் ஒரு சவுண்டு கார்டு வாங்கி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

கார்டை மாட்டியதும் பிரிண்டர் படுத்துவிட்டது. பிரிண்டரை எழுப்பினால் கார்டு ஊமை. இரண்டுக்கும் ஒரே இணைப்பு எண். ஒன்றாக ஓடவிட்டால் கம்ப்யூட்டரே விறைத்துவிடும். கார்டில் அந்த எண்ணை மாற்றுவதற்கென்றே 'ஜம்பர்' என்று ஒரு பொடி மூடி உண்டு; அதை இடம் மாற்றிச் செருகினால் சண்டை தீரும் என்றேன். கம்பெனிக்காரன் வைத்ததில் கைவைக்கக் கூடாது என்று மறுத்துவிட்டார்.

பிறகு குற்றாலத்து மெயின் அருவியைப் பதிவு செய்து வந்து கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். கேட்ட அத்தனை பேரும் ஒரே இரைச்சல், ஸ்பீக்கரில் கோளாறு என்றார்கள். அந்தச் சீசன் முழுக்க அவர் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்போதுதான் அண்ணாச்சிக்குப் பண்பொழியிலிருந்து சம்பந்தம் வந்தது. குற்றாலத்தில் குளித்துவிட்டு, மகளோடு சென்டருக்கே வந்து மாப்பிள்ளையின் தொழிலைப் பார்ப்பதாகப் பெண்ணின் அப்பா சொல்லியனுப்பினார். அண்ணாச்சி தன் குரலையே பதிந்துவைத்தார்: "வாங்க, உக்காருங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க." கூடவே வரவேற்பு மடலும் அச்சாகி விழ வேண்டுமாம். வேண்டாம் என்று கெஞ்சினேன். கேட்டால்தானே.

வந்தார்கள். கம்ப்யூட்டர் கணீரென்று பேசியது. ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்த பெண்ணின் அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. அந்த நேரம் பார்த்து பிரிண்டர் கிறீச்சிட்டது. எல்லாம் உறைந்துபோக, கடைசி வார்த்தை மட்டும் சிக்கிக்கொண்டது. "போங்க போங்க போங்க" என்று அண்ணாச்சியின் குரலிலேயே விரட்டத் தொடங்கியது. அவர் தட்டாத பொத்தான் இல்லை.

பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். "பொண்ணு குடுக்க வந்தவனப் போகச் சொல்லுதியளோ?"

அண்ணாச்சி இன்னும் பொத்தான்களைத்தான் தட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்தான் போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள்.

"மெஷின்தானப்பா போகச் சொல்லுச்சு. அவிய இன்னும் ஒண்ணுஞ் சொல்லலியே."

எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர் அவளை மட்டும் பார்த்து, "இங்கனயே இருங்க" என்றார். பெண்ணின் அப்பாவே சிரித்துவிட்டார். ஆவணியில் கல்யாணம்.

இப்போது அண்ணாச்சி மொபைல் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் போன் போட்டு, புதிதாக வந்த ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகப் பாடவிட்டு, வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்கிறார். போனில் எல்லாம் ஒரே மாதிரித்தான் கேட்கிறது. அடுத்ததையும் போடுங்கள் அண்ணாச்சி என்கிறேன்.