ஒன்பது சுத்தும் ஒரு முட்டியும்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. திருவிடந்தை பெருமாள் கோயில்ல மாலையைப் போட்டுக்கிட்டு ஒன்பது சுத்து சுத்தணும். கல்யாணம் ஆகாதவங்க பண்றதுதான்.

கூடுவாஞ்சேரியில கார் ஏறும்போதே அம்மா ஆரம்பிச்சாங்க. "பொண்ணு வூட்டுக்காரங்களும் அங்க வராங்க. எதேச்சையா பாக்கற மாதிரி பாப்பாங்க. முட்டி ஆபரேஷன் பத்தி மூச்சு விட்ட, அவ்ளோதான்!"

ஏற்கனவே நாலு இடம் தட்டிப்போச்சு. இதுவும் போனா அம்மா என்னை வூட்டை விட்டே துரத்திடுவாங்க.

வலது முட்டியில ஜவ்வு கிழிஞ்சு ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசம். வலி போயிடுச்சு. ஆனா தான் எவ்ளோ மடங்கியிருக்கோம்னு அந்த முட்டிக்கே தெரியல! பிசியோதெரபி அக்கா கண்ணை மூடச் சொல்லி, "பாதி மடக்குங்க"ன்னாங்க. மடக்கினேன். கண்ணைத் திறந்தா கால் கிட்டத்தட்ட நீட்டினபடியே கிடக்கு!

"கொஞ்ச நாளைக்குக் காலைப் பாத்துப் பாத்து நடங்க"ன்னு அனுப்பிட்டாங்க.

பாக்கலாம்தான். ஆனா என் கழுத்துல விழுந்த மாலை தேருக்குப் போடற சைஸ்! குனிஞ்சா ரோஜாதான் தெரியுது, காலைக் காணோம்.

பிரகாரத்துல ஒரு கல்படி வந்துச்சு. குத்துமதிப்பா தூக்கினேன். முட்டி நெஞ்சு வரைக்கும் வந்துடுச்சு.

அங்க வந்து நின்ன பொண்ணோட அப்பா எங்க அம்மாகிட்ட கேக்கறார். "தம்பி ஐடின்னீங்க, போலீஸ் பரேடு மாதிரி நடக்கறாரே?"

"பக்திங்க!"ன்னாங்க அம்மா.

பொண்ணு பக்கத்துலயே தரையைப் பாத்துக்கிட்டு மெதுவா நடந்து வந்தாங்க. அம்மா என் காதுல, "இன்னா அடக்கம் பாருடா! தலையே நிமிரல!"

எனக்கு ஒரே குஷி. அந்தக் குஷியில அஞ்சாவது சுத்துல காலைக் கம்மியா தூக்கிட்டேன். படி தடுக்கி, நெடுஞ்சாண்கிடையா, நேரா அவங்க அப்பா கால்ல!

அவர் உருகிட்டார். "எழுந்திருங்க மாப்ள, எழுந்திருங்க!"

எழுந்திருக்கறதுதானே பிரச்சினை! பொண்ணுதான் கிட்ட வந்து கை குடுத்தாங்க. மெதுவா கேட்டாங்க. "எந்த முட்டி?"

செத்தேன்டா! "வலது... எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

"எனக்கு இடது. ஆபரேஷன் ஆகி மூணு மாசம். வெளிய சொல்லக்கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கிக்கினாரு."

"அப்போ அந்த அடக்கம்?"

"அடக்கமா? நிமிந்தா விழுந்துடுவேங்க!"

மீதி நாலு சுத்தையும் கையைப் புடிச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே சுத்தினோம்.

தை மாசம் கல்யாணம். ரெண்டு வூட்லயும் அவங்கவங்க ரகசியத்தை இன்னும் கட்டிக் காப்பாத்திக்கிட்டிருக்காங்க.

நல்லா இருக்கறது அவங்க வலது முட்டி, என் இடது முட்டி. கூட்டிப் பாத்தா ஒரு முழு ஆள் தேறுது.