உப்புவிரட்டியும் ஒரு சாக்பீஸும்

காலை எட்டு மணிக்கே கழிமுகப் பாலத்தடியில் எள் போட இடமில்லை. விரிசல் கண்டு ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்த பாலத்துக்கு இன்று விடிவுகாலமாம். கான்கிரீட் தூணுக்குள் கடலின் கோபம் குடியேறிவிட்டதாம். உப்புவிரட்டி என்றொரு சாமியார் அதை விரட்டப் போகிறாராம். பட்டம் அவரே வைத்துக்கொண்டது. கோபம் வந்த சங்கதியைக் கடல் யாரிடம் சொன்னது? ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பாவம் அல்லவா?

பத்து மணிக்கு முதல் பஸ் போகும் என்று நகராட்சித் தலைவர் மைக்கில் சொல்லிவிட்டார். நாற்பது பேரோடு பஸ்ஸும் தயார். அதன் டிரைவருடைய அக்காதான் பாலம் சோதிக்கும் இன்ஜினியர். தூண் தாங்காது என்று அவர் எழுதிய அறிக்கை, தலைவர் மேசையில் டீ கிளாஸுக்கு விரிப்பாக இருந்தது.

"கீழ இறங்குடா" என்றார் அக்கா.

"சும்மா இரு அக்கா. ஊரே நம்புது."

"ஊரா ஸ்டியரிங் பிடிக்குது? நீதானே."

உப்புவிரட்டி சுத்தியலால் தூணைத் தட்டினார். டொக். "கேட்டீங்களா? உள்ள உக்காந்திருக்கு." முணுமுணுத்தார், புகை கிளப்பினார், தூணைச் சுற்றி அந்தப் பக்கம் போய்த் தட்டினார். டங். "போயிடுச்சு."

கூட்டம் உருகி நின்றது.

அக்கா சேற்றில் இறங்கி நடந்தார். முதலில் தட்டிய இடத்தைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட்டார். "ஐயா, இதுக்குள்ள தட்டுங்க."

"சந்தேகப்படறவங்க முன்னாடி பலிக்காதும்மா."

"சரி, நம்புறவங்களே பஸ்ல போகட்டும். முன் சீட்டு உங்களுக்கு, பக்கத்துல தலைவர்."

தலைவருக்குத் திடீரென்று வேறு வேலை ஞாபகம் வந்தது. கூட்டத்தில் சிரிப்பு. உப்புவிரட்டி வேறு வழியில்லாமல் மறுபடி முணுமுணுத்து, பூனையைத் தடவுவதுபோல் தட்டினார். டொக்.

"பலமா தட்டுங்க சாமி" என்றது ஒரு குரல்.

தட்டினார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து அவர் காலிலேயே விழுந்தது. உள்ளே கோபத்தைக் காணோம். துரு தின்று சுண்டுவிரலாய் இளைத்த கம்பிதான் இருந்தது.

"உப்புத்தண்ணி இறங்கி கம்பி துருப்பிடிக்குது. துரு உப்பி கான்கிரீட்டத் தள்ளுது. அந்தப் பொந்துதான் டொக்குனு கேக்குது" என்றார் அக்கா. "கெட்டதைக் கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, கம்பியோட துத்தநாகக் கட்டியை இணைச்சுப் பூசணும். அரிப்பு கம்பிய விட்டுட்டு அதைத் தின்னும்."

தம்பி பஸ் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, நாற்பது பேரையும் இறக்கிவிட்டான்.

துத்தநாகம் தன்னைத் தின்னக் கொடுத்துக் கம்பியைக் காக்கும். உப்புவிரட்டிகள் நம்மைத் தின்னக் கொடுத்துத் தங்களைக் காத்துக்கொள்வார்கள். அடுத்த அற்புதத்துக்குக் கிளம்பும்போது, கும்பிடுகிற கையில் ஒரு சாக்பீஸும் இருக்கட்டும்.