‘வேணாம்’ அண்ணனின் விலை

செஞ்சிக் கோட்டையைக்கூடப் பலர் பிடித்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடும் ‘வேணாம்’ அண்ணனின் ஓட்டை எவராலும் பிடிக்க முடிந்ததில்லை. அந்தப் பெயர் தெரு வைத்தது. தேர்தலுக்குத் தேர்தல் அவர் வாயிலிருந்து வந்த ஒரே சொல்லும் அதுதான்.

முந்தைய தேர்தலில் ஒரு கட்சியின் வார்டு பொறுப்பாளர் கவரை நீட்டியபோது, அண்ணன் இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேணாம்பா" என்றார். ஒருவர் பணத்தை மறுப்பதற்குப் பொறுப்பாளர் அறிந்த காரணம் ஒன்றே ஒன்று.

"அவுங்க எவ்ளோ குட்த்தாங்க?"

யாரும் கொடுக்கவில்லை என்று அண்ணன் சத்தியம் செய்தது நிலைமையை மோசமாக்கியது. சத்தியம் செய்யும் அளவுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவாயிற்று. மாலையில் கவர் தடித்து வந்தது. செய்தி கேட்ட எதிர்க்கட்சியும் தன் கவரைத் தடிக்க வைத்தது. ஒரு தெருவே கைநழுவுகிறது என்ற பீதியில் வீட்டுக்கு வீடு மறுபடியும் விநியோகம். கூடவே எவர்சில்வர் குடம். அண்ணன் குடத்துக்கும் வேணாம் சொன்னார்.

தெரு அவரைக் கொண்டாடிய விதத்தில்தான் அவர் உடைந்தார் என நினைக்கிறேன். அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்ததிலிருந்து அவருக்கு டீ, போண்டா, நலம் விசாரிப்பு. எதிர்வீட்டு அக்கா வெளிப்படையாகவே கேட்டார்.

"இந்த வாட்டியும் ரெண்டு தபா முறுக்கிக்கோண்ணா. பொண்ணு காதுகுத்து இருக்குது."

யாரும் விலை வைக்காத ஓர் ஓட்டைப் போட வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான். அவருடைய மறுப்போ எங்கள் தெருவின் விலையாகியிருந்தது.

இம்முறை பொறுப்பாளர் தயங்கித் தயங்கி வந்தார். அண்ணன் முதல் கவரையே வாங்கிக்கொண்டார். தெரு உறைந்தது. தான் வேண்டாம் என்றால்தான் ஏலம் ஏறுகிறது, அதனால் வாங்கிவிட்டதாக அவர் சொன்ன விளக்கத்தை எவரும் ஏற்கவில்லை. எதிர்வீட்டு அக்கா அவரிடம் துணி கொடுப்பதையே நிறுத்திவிட்டார்.

வாக்குப்பதிவு நாளன்றும் வண்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. பிரிக்கப்படாத கவர் கரி மூட்டையின் மேல் கிடந்தது. ஓட்டுப் போடப் போகவில்லையா என்று கேட்டேன்.

"துட்டு வாங்கிட்டேன்மா. போட்டா வித்ததாயிடும்."

எனக்கான கவரை அம்மா வாங்கி வைத்திருப்பதை மெல்லிய குரலில் தெரிவித்தேன். அது என் முதல் ஓட்டு. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்குனது உங்கம்மா. நீ விக்கலியே. போய்ட்டு வா. யாருக்குன்னு என்கிட்டகூட சொல்லாத."

இதுவரை சொல்லவில்லை. அவர் வேட்பாளராக நின்றிருந்தால், வாக்குப்பதிவு இயந்திரத்தின் முன்னால் நான் அவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டேன்.