வரம்பைத் தாண்டியவர்

வரம்பைத் தாண்டியவர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் இருப்பார்கள். குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் வரிச் சலுகை அறிவித்தால் போதும், இவர்கள் வாசலுக்கு வந்து பெருமூச்சு விடுவார்கள்.

"நமக்கெல்லாம் எங்க சார் கிடைக்கப் போகுது? நாம லிமிட்டைத் தாண்டிட்டோமே!"

வார்த்தையில் துக்கம் வழியும். முகத்தைப் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை தோற்றுப் போவான்.

நம்முடையவர் குழாய்க் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அந்த வரம்பை இவர் தாண்டுவதாவது? ஏணி போட்டாலும் எட்டாது. ஆனாலும் எதிர்வீட்டு மேனேஜரிடம் பெருமூச்சு விட்டாகிவிட்டது. மேனேஜரும் பதிலுக்கு, இன்னும் நீளமாக, ஒன்று விட்டுவிட்டார். இனி எந்த முகத்தோடு போய் விண்ணப்பம் கொடுப்பது?

வீட்டிலோ வாஷிங் மெஷின் மூச்சை நிறுத்தி மூன்று மாதம். இவர் அதன்மேல் பூப்போட்ட துணியை விரித்து, ஒரு ஜாடியை வைத்து, வருகிறவர்களிடம் "மேஜை" என்று சொல்லிக்கொண்டிருக்க, மனைவி போர்வைகளைக் கையால் பிழிந்து பிழிந்து மணிக்கட்டு வீங்கி நின்றாள். விண்ணப்பித்தால் திரும்பி வரும் வரிப்பணத்தில் புது மெஷின் வாங்கிவிடலாம்.

"இன்னைக்குத்தான் கடைசி நாள். போறீங்களா இல்லையா?"

"மேனேஜர் பார்த்தா என்ன நினைப்பாரு?"

"அப்போ அவரையே வந்து துணி பிழியச் சொல்லுங்க."

இவர் கிளம்பினார். பக்கத்துத் தெரு அலுவலகத்துக்கா? நல்ல கதை! இரண்டு பஸ் மாறி, ஊரின் மறுகோடியில் இருந்த அலுவலகத்துக்கு. அடையாளம் தெரியாமலிருக்கத் தலையில் ஹெல்மெட்.

"வண்டி எங்க சார்?" என்றார் கண்டக்டர். இவர் ஹெல்மெட்டின் கண்ணாடியை முகத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டார்.

அங்கே நீண்ட வரிசை. இவருக்கு முன்னால் நின்றவர் செய்தித்தாளால் முகத்தை மறைத்திருந்தார். தாள் தலைகீழாக இருந்தது. அதற்குமேல் தெரிந்த வழுக்கை தினமும் எதிர்வீட்டு வாசலில் பார்க்கும் வழுக்கை.

"மேனேஜர் சாரா?"

"நீங்களா! நான் சும்மா... ஒரு ஃப்ரெண்டுக்காக வந்தேன்."

"நானும் ஃப்ரெண்டுக்காகத்தான்."

"பாவம், கஷ்டப்படுறவன்."

"என் ஃப்ரெண்டும் அப்படித்தான்."

மேனேஜருக்கு முன்னால் முக்காடு போட்டு நின்றது மூலை வீட்டு டியூஷன் டீச்சர். அவருக்கும் முன்னால், அறைக்குள் குடை விரித்தபடி, மாடி வீட்டுக்காரர். தெருவே திரண்டு வந்திருந்தது. எல்லாருக்கும் ஏழை நண்பர்கள்.

அப்போது கவுன்ட்டர் அம்மாள் குரல் கொடுத்தாள்.

"விண்ணப்பதாரர் நேர்ல வரணும். வேற யாருக்காகவாவது வந்தவங்க கிளம்புங்க. அஞ்சு நிமிஷத்துல மூடிடுவேன்."

யாரும் கிளம்பவில்லை. யாரும் முன்னே போகவுமில்லை. குடை மட்டும் லேசாக ஆடியது. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு போயிற்று. ஹெல்மெட்டுக்குள் இவருக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த வீங்கிய மணிக்கட்டு கண்முன் வந்து நின்றது. சட்டென்று ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"எனக்குத்தாம்மா!"

"எனக்கும்தான்!" என்றது செய்தித்தாள். "எனக்கும்!" என்றது முக்காடு. குடை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எல்லாரையும் இடித்துக்கொண்டு முதலில் போய்ச் சேர்ந்தது.

இப்போது புது மெஷின் ஓடுகிறது. மனைவியின் கையில் வீக்கம் வடிந்துவிட்டது. சென்ற வாரம் அடுத்த ஆண்டுச் சலுகையை அறிவித்தார்கள். இவர் உடனே வாசலுக்கு வந்தார். எதிரே மேனேஜரும் வந்தார்.

"இந்தத் தடவை நிஜமாவே தாண்டிட்டோம் சார்."

"நாங்களும்தான் சார்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இதை நீங்கள் யாரோ ஒரு நண்பருக்காகத்தான் படித்தீர்கள் என்பது எனக்குத் தெரியாதா? அவரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: நேரில்தான் வர வேண்டுமாம்.