தெருவில் வெள்ளாமை

வீட்டுத் தரகர்களில் தெரு விவசாயி என்றோர் இனம் உண்டு. ஒரு தெருவைப் பார்த்ததும், "இது என் நிலம்" என்று தனக்குத்தானே பட்டா போட்டுக்கொள்வார். அங்கே குடியிருக்கும் நாம்தான் பயிர். எரு? அவருடைய சிரித்த முகம்! ஃப்ரிட்ஜ் கதவில் காந்தமாக, சுவரில் காலண்டராக, பேஸ்பால் பருவம் வந்தால் ஆட்ட அட்டவணையின் தலைமாட்டில் அந்த முகம் பல்லைக் காட்டும். அக்டோபரில் ஹாலோவீன் பண்டிகை வந்தால் வாசற்படியில் ஒரு பூசணிக்காய் வந்து உட்காரும். நம் முழங்கால் வலியை நம் பிள்ளைகள் மறந்தாலும் அவர் மறக்கமாட்டார். எப்படி மறப்பார்? முழங்கால் போனால் மாடி ஏற முடியாது. மாடி ஏற முடியாவிட்டால் வீடு விற்பனைக்கு வரும்.

எங்கள் ஒஹாயோ புறநகர்த் தெருவை உழுதவர் கர்ட் ஹாலன்பெக். வருடக்கணக்காக உழுதும் ஒரு வீடுகூட அவர் கைக்கு வரவில்லை. எதிர்வீட்டு வெர்னாவின் கணவர் இறந்தார். அடக்கம் முடிந்த மறுநாளே கர்ட் ஆப்பிள் பை என்கிற பழப் பலகாரத்தோடு வந்து நின்றார்.

"மனசத் தேத்திக்கங்க வெர்னாம்மா. இனிமே ஒத்தையா இந்தப் படியெல்லாம் எப்படித்தான் ஏறி இறங்குவீங்களோ!"

மூக்கை உறிஞ்சினார். கண் மட்டும் கூரையை அளந்துகொண்டிருந்தது.

வசந்தத்தில் வெர்னா வீட்டின் முன் விற்பனைப் பலகை முளைத்தது. அதில் சிரித்த முகம் வேறொரு தரகருடையது! கர்ட் காரை நடுத்தெருவில் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"என்னம்மா இது அநியாயம்? வருஷா வருஷம் பூசணிக்கா வெச்சது நானு. வீடு மட்டும் எவனுக்கோவா?"

"கோவிச்சுக்காதப்பா கர்ட்டு. நீ எங்க வீட்டுப் பிள்ள மாதிரி ஆயிட்ட. உங்கிட்டப் போயி கமிஷனக் கொறைடான்னு எப்படிக் கேக்கறது? அதான் முன்னபின்ன தெரியாதவனாப் பாத்துக் குடுத்துட்டேன்."

பார்த்தீர்களா, விவசாயம் பலித்தேவிட்டது! பாசம் அமோகமாக விளைந்தது. வீடுதான் விளையவில்லை.

ஜூலை நாலு, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று விடிந்தபோது, எல்லார் வீட்டுப் புல்வெளியிலும் கர்ட்டின் விலாச அட்டை கட்டிய சின்னக் கொடி பறந்தது. வெர்னா வீட்டில் மட்டும் இல்லை. மூட்டை கட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாள் எழுந்துவந்து, வலிக்கிற காலை மடக்கிப் புல்லுக்குள் தேடினார்.

"காத்துல எங்கியாவது விழுந்திருக்கும். என்னைய விட்டுட்டு வெக்க மாட்டானே அவன்!" என்றார் என்னிடம்.

பிள்ளை என்று நம்பியவளைத் தரிசு என்று ஒதுக்கிவிட்டுப் போகிறவனுக்கு என்ன பெயர் வைப்பது?

நல்லவேளை, நாம் தரகர் இல்லை என்று நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவது தெரிகிறது. உட்காருங்கள். உங்கள் மகனின் வேலைக்குச் சிபாரிசு செய்ய முடியாது என்று கைவிரித்தாரே ஒரு நண்பர், அவருக்குக் கடைசியாக எப்போது பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னீர்கள்?