நாற்பத்தொன்று, சரி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

அருங்காட்சியகத்தின் இரண்டாம் கூடக் காவலரும் தங்கள் வருங்காலச் சம்பந்தியுமாகிய நான் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும், தங்கள் வீட்டுக்கு மருமகளாக வரவிருக்கும் எங்கள் மகளும் நலம். தாங்களும் சம்பந்தி அம்மாவும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல். தங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? கல்யாணத்துக்கு இன்னும் ஐந்தே வாரம். அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்குள் இந்தக் கடிதம் தங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

கல்யாணம் பேச வந்த அன்று தாங்கள் என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். "என் காவலில் இருபத்தெட்டு வருஷமாக ஒரு கீறல்கூட விழுந்ததில்லை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். தாங்கள் உடனே சம்பந்தி அம்மா பக்கம் திரும்பி, "கேட்டியா, இப்படிப்பட்ட வீட்டுப் பொண்ணுதான் நமக்கு வேணும்" என்றீர்கள். அன்றிலிருந்து அந்த வார்த்தை எனக்கு மீன்முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது. தாங்களோ நீதிமன்றத்தில் முப்பத்தைந்து வருடம் சாட்சிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூண்டில் ஏற்றியவர். பொய் சொல்ல வருகிறவனைச் செருப்புச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று அன்றைக்கே சொன்னீர்கள். நான் வெறுங்காலோடு நின்றிருந்தேன், அதனால்தான் தப்பித்தேன்.

என் கூடத்தில் இருப்பது ஒரே ஒரு கல். கதவளவு உயரம், கறுப்பு நிறம். எந்தக் காலத்தில் யார் செதுக்கியது, என்ன மொழி, எதற்காக, ஒன்றும் இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆறு வரிசை. ஐந்து வரிசையில் ஏழேழு எழுத்து, கடைசி வரிசையில் மட்டும் ஆறு. ஆக மொத்தம் நாற்பத்தொன்று. அந்த ஏழாவது எழுத்து ஏன் இல்லை என்பதைப் பற்றி மட்டும் பதினாலு புத்தகம் வந்திருக்கிறது. செதுக்கும்போதே அரசர் செத்துப்போனார் என்கிறார் ஒருவர், அது கடவுளுக்காக விட்ட இடம் என்கிறார் இன்னொருவர். ஒரு பெரியவர் மூன்று நாள் அதன் எதிரில் நின்று பார்த்துவிட்டு, கல்லையே தலைகீழாக வைத்திருக்கிறீர்கள் என்று கோபித்துக்கொண்டு போனார். இவ்வளவு பேருக்கும் பதில் சொல்லாமல் அந்தக் கல் நிற்கிற நிதானம் இருக்கிறதே, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் வீட்டில் யாருக்கும் அது வாய்க்கவில்லை.

அருங்காட்சியகம் திறந்த நாளிலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் கதவைத் திறந்ததும் காவலர் தடுப்புக் கம்பிக்கு உள்ளே போய், குச்சியால் சுட்டிக்கொண்டு எல்லா எழுத்தையும் வாய்விட்டு எண்ண வேண்டும். எண்ணிவிட்டுப் பதிவேட்டில் "நாற்பத்தொன்று, சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கல்லில் இருக்கிற எழுத்தை யார் களவாடிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று நானும்தான் கேட்டேன். "கேள்வி கேக்காதே, எண்ணு" என்றார் எனக்கு முன்பிருந்த காவலர். அவர்தான் எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தார். கடைசி வரிசைக்கு வந்தால் அவர் குச்சி கொஞ்சம் வேகமாக ஓடும். தேநீர் நேரம் நெருங்குகிறது போல என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் ஒருநாள் குனிந்து கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் தொங்கிய வீட்டு பீரோ சாவிக்கொத்து கல்லின் அடிமூலையில் 'ணங்' என்று இடித்தது. பதறிப்போய் முகத்தை ஒட்டவைத்துப் பார்க்கிறேன், கடைசி வரிசை முடிகிற இடத்தில் கொக்கி மாதிரி ஒரு கீறல்! தள்ளி நின்றால் தெரியாது, பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் தெரியும். எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. எத்தனையோ ஆயிரம் வருஷம் மழையையும் வெயிலையும் தாங்கின கல், என் பீரோ சாவிக்குத் தாங்கவில்லை. மறுநாள் காலை எண்ணினேன். அந்தக் கொக்கியைத் தாண்டிப் போய், "நாற்பத்தொன்று, சரி" என்று எழுதினேன். அன்றைக்கு ஆரம்பித்தது, இருபத்தாறு வருஷம் தினமும் எழுதினேன். அந்த மூலையை மறைத்து என் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் மறைத்தது கீறலை, ஆனால் கனம் என்னவோ பூசணிக்காய் கனம்தான். என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

மூன்று மாதத்துக்கு முன் ஓர் ஆய்வாளர் அம்மா ஒரு இயந்திரத்தோடு வந்தார். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். இயந்திரம் என்றால் ஏதோ தடபுடலாக இருக்கும் என்று நினைத்தேன். வில்லாக வளைந்த ஒரு சட்டம், அதில் ஐம்பது குட்டி விளக்கு, நடுவில் ஒரு கேமரா, அவ்வளவுதான். ஒவ்வொரு விளக்காக எரியும், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். இப்படியே மூன்று மாதம் எடுத்து முடித்து, இந்தத் திங்கட்கிழமைதான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கணினித் திரையில் விரலை நகர்த்தினால் வெளிச்சம் கல்லின் மேல் நாம் சொன்ன பக்கமெல்லாம் போகிறது, சம்பந்தி! உளி பட்ட ஒவ்வொரு இடமும் தெரிகிறது. ஒன்பதாவது எழுத்தில் செதுக்கியவனுக்குக் கை வழுக்கியிருக்கிறது. தப்பை மறைக்க ஒரு கோட்டைக் கொஞ்சம் இழுத்துவிட்டிருக்கிறான். "பாத்தீங்களா ஐயா, நம்மள மாதிரி ஒரு ஆளு!" என்று அந்த அம்மா சிரித்தார். பெயர் தெரியாத அந்த மனுஷன் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக நான் காவல் காத்தது கல்லையல்ல, அவனுடைய வேலையை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

கண்ணைத் துடைத்து முடிக்கவில்லை, அந்த அம்மா ஒரு குதி குதித்தார். "ஐயா! நாற்பத்திரண்டு! கடைசி வரிசையிலயும் ஏழு இருக்கு! இது ஒரு அட்டவணை!" திரையில் என் கொக்கி பூதாகரமாக நிற்கிறது. பதினாலு புத்தகமும் பொய், இனிப் புதிதாகத்தான் படிக்க வேண்டும் என்றார். இயக்குநர் ஓடிவந்தார். வியாழக்கிழமை பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடுவதென்று முடிவானது. என் பீரோ சாவி எழுதிய எழுத்துக்கு உலகம் முழுக்க அர்த்தம் தேடப் போகிறார்கள்! எனக்குச் சோறு இறங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்குக் குறுகுறுக்கவில்லை, குதித்தது. புதன்கிழமை மதியம் அந்த அம்மா டிபன் டப்பாவைத் திறக்கும்போது போய் நின்றேன்.

"அம்மா, அது எழுத்தில்ல. நான் போட்ட கீறல்."

அவர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை.

"நல்லா ஞாபகம் இருக்காய்யா?"

"தினமும் ஞாபகம் இருக்கும்மா."

"எவ்வளவு ஆழம்னு இந்த மிஷின் சொல்லும். யார் கைன்னு சொல்லாது" என்றார். டப்பாவை மூடிவிட்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஒரு வாட்ச்மேன் சொன்னாருன்னு எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றீங்களா?" என்றார் இயக்குநர்.

"நான் அந்தக் கல்லை மூணு மாசமாத்தான் சார் பாக்குறேன். அவர் இருபத்தெட்டு வருஷமா பாக்குறார். அதுமட்டுமில்ல, அது எழுத்தா இருக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு. அதனாலேயே நான் அதை நம்பக் கூடாது."

சம்பந்தி, தாங்கள் எத்தனையோ நீதிபதிகளைப் பார்த்திருப்பீர்கள். இப்படி ஒரு தீர்ப்பைக் கேட்டிருக்கிறீர்களா? மூன்று மாத உழைப்பை ஒரே நிமிஷத்தில் தள்ளிவைக்கிறது அந்தப் பெண். அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிடலாமா என்றிருந்தது.

ஆனால் இயக்குநர் வேறு மாதிரி. விசாரணை முடியும்வரை வீட்டிலேயே இருக்கவும் என்று என்னிடம் ஒரு தாளை நீட்டிவிட்டார். இன்றோடு இரண்டு நாளாகிறது. நாளைக்கே பத்திரிகையில் 'தொன்மையைச் சிதைத்த காவலர்' என்று என் படம் வரலாம். அதைப் பார்த்துத் தாங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை. பொய் சொன்னது நான், என் மகள் இல்லை. அவளுக்கு ஒரு மேசை விளிம்பில் இடித்தால்கூட மேசையிடம் மன்னிப்புக் கேட்கிற சுபாவம். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று தாங்கள் முடிவெடுத்தால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். வேண்டும் என்று சொன்னால் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளை நூறாண்டு நலமோடு இருக்க எங்கள் ஆசீர்வாதம். மாப்பிள்ளையாகவே இருந்தால் இன்னும் பெரிய ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்,
தங்கள் சம்பந்தி (தங்கள் முடிவுக்கு உட்பட்டு)

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் தயவுசெய்து மறந்துவிடவும். உறை ஒட்டிய பசை காய்வதற்குள் அந்த ஆய்வாளர் அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். இந்த இரண்டு நாளும் அவர் சும்மா இருக்கவில்லை. அடித்தளத்தில் கிடந்த பழைய பதிவேடுகளையெல்லாம் தூசி தட்டி எடுத்திருக்கிறார். அருங்காட்சியகம் திறந்த அன்று முதல் காவலர் எழுதியிருப்பது, "நாற்பத்திரண்டு, சரி." பத்தொன்பது நாளைக்கு அதே நாற்பத்திரண்டு. இருபதாம் நாள், "இன்று கல்லைத் துடைத்தேன். நாற்பத்தொன்று, சரி." பள்ளத்தில் படிந்திருந்த தூசி போனதும் அந்த எழுத்து தள்ளி நின்றால் தெரியாமல் போயிருக்கிறது, தானே அழித்துவிட்டோம் என்று பயந்து ஒன்றைக் குறைத்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ காவலர்கள் வந்து போனார்கள், எல்லாரும் நாற்பத்தொன்றுதான். அறிவிப்புப் பலகை எழுதியவர் பதிவேட்டைப் பார்த்து எழுதினார், பதினாலு புத்தகம் எழுதியவர்கள் பலகையைப் பார்த்து எழுதினார்கள்! அப்புறம் அந்த அம்மா எனக்கு முன்பிருந்த காவலரைத் தேடிப் போயிருக்கிறார். அவருக்கு இப்போது எண்பத்தாறு வயது. கல்லைப் பற்றி ஒரு சந்தேகம் என்று இவர் ஆரம்பித்ததுமே, "தெரியாம பண்ணிட்டேம்மா, வாளி இடிச்சிடுச்சு" என்று அழுதுவிட்டாராம். அது நீங்கள் பண்ணினதில்லை தாத்தா, எழுத்தேதான் என்று சொல்லிப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனதாம். கேட்டுக்கொண்டிருந்த நானும் அழுதுவிட்டேன். கல்லை இடித்தவன் எவனோ அவன்தான் குனிந்து கிட்டத்தில் பார்க்கிறான், பார்த்தவன் எவனோ அவனெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டான். பத்திரிகைக்காரர்கள் வருகிற வியாழக்கிழமை வருகிறார்கள். நானும் மேடையில் நிற்க வேண்டுமாம். ஆகவே அழைப்பிதழைத் தாராளமாக அச்சுக்குக் கொடுக்கலாம். இன்னொன்று. தாங்களும் இதுபோல் எதையாவது வெகுநாளாக மனதில் போட்டு மறைத்து வைத்திருந்தால், கல்யாணத்துக்குள் கூச்சப்படாமல் எனக்கு எழுதிவிடுங்கள். நான் தவறாக நினைக்க மாட்டேன். அநேகமாக அதைத் தாங்கள் செய்தே இருக்க மாட்டீர்கள்.